கோழி கொத்திக் கலைக்கும் வரை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை. ஊரில் சிலர் அப்படிச் சொல்லித் திரிகிறார்கள். அதைப் பரப்பிய முதல் ஆள் என் அக்காவின் கணவர். கிளிநொச்சிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனால் யாராவது மறித்து, தன் மாமியாரின் கட்டிக்கு என்ன பூசலாம் என்று கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கத்திவிட்டு வருவேன். எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமையான ஆட்கள் செய்ய வேண்டிய வேலைக்குள் எப்படியோ வந்து விழுந்துவிட்டேன்.

நான் செய்வது இதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு மென்சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வைத் துளைத்துக்கொண்டு சில புரதங்கள் நிற்கும். தலை வெளியே, கால் உள்ளே. வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே கொடுப்பதால் அவற்றை வாங்கிகள் என்கிறோம். ‘வளர்’ என்று சேதி வந்தால் கலம் வளரும். சில மார்பகப் புற்றுநோய்களில் ஒரு வகை வாங்கி அளவுக்கு மிஞ்சி முளைத்துவிடுகிறது. அந்தக் கலத்துக்கு ஓயாமல் ‘வளர், வளர்’ என்றுதான் கேட்கும். வாங்கியின் தலையில் போய்க் குந்திக்கொள்ளும் புரதம் ஒன்றைச் செய்தால் கலத்தின் காதைப் பொத்தலாம். அப்படிக் குந்தக்கூடியது பிறபொருளெதிரி. தன்னுடையதல்லாத ஒன்றைக் கண்டு உடம்பு கோபப்பட்டுச் செய்கிற புரதம். கோபத்தால் நல்லது நடக்கும் ஓர் இடமாவது இருக்கிறது என்பதால் எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனது.

அக்காவுக்கு மார்பில் அந்த நோய் வந்தபோது கொழும்பில் ஏற்றிய மருந்து இந்த வகைதான். அது முதலில் எலியில் பிறந்த மருந்து என்று ஒருமுறை வாய்விட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஏதாவது சண்டை வந்தால், “எலி ரத்தம் ஏறின ஆள் நான், கடிச்சுப்போடுவன்” என்பாள்.

எங்களுக்கு முழுப் பிறபொருளெதிரியும் தேவையில்லை. வாங்கியைப் பிடிக்கும் நுனிகள் இரண்டை மட்டும் எடுத்து, சின்னப் புரத நூலால் தொடுத்து, பக்டீரியாவுக்குள் வைத்துச் செய்துகொள்ளலாம். சின்னது, செய்யச் சுலபம். ஆனால் அந்த நுனிகளுக்கான மரபணு முதலில் ஏதாவது ஒரு பிராணியிடமிருந்து வர வேண்டும். மனிதனின் வாங்கி எலி, முயல், ஆடு ஆகியவற்றின் வாங்கியைப் போலவே கிட்டத்தட்ட இருக்கும். மனித வாங்கியை அவற்றுக்கு ஊசியாகப் போட்டால் “இது நம்முடைய சாமான்தானே” என்று சும்மா இருந்துவிடலாம். கோழி அப்படியல்ல. கோழிக்கு நாம் தூரத்து ஆட்கள். நன்றாகக் கோபப்படும். போதாததற்கு, செய்த பிறபொருளெதிரியை முட்டை மஞ்சட்கருவிலும் நிறைத்து வைக்கும். கோழியைக் குத்தி இரத்தம் எடுக்காமல், முட்டையை உடைத்தே கோபத்தை அளந்துகொள்ளலாம்.

ஆய்வுகூடத்துக்குப் பின்னால் கூடு கட்டிப் பண்ணைக் கோழிகளைத்தான் முதலில் வாங்கி விட்டோம். மரநாய் ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. கூட்டுக் கதவைப் பூட்டாமல் போனது யார் என்று ஒரு கிழமை விசாரித்தார்கள். நான் விசாரிக்கவில்லை. உருத்திரபுரத்தில் அக்கா வீட்டில் கோழிகள் இருந்தன. அத்தான் வயர் வலையடித்துக் கட்டிய கூடு, ஆனை வந்தாலும் அசையாது. விலங்கு ஆய்வுக்கு அனுமதி தருகிற குழுவினர் நேரில் வந்து பார்த்து, கூட்டை மெச்சி, அக்காவின் தேநீரையும் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா மூன்று பேடுகளைக் காட்டினாள். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று புள்ளி. ஊசி போடும் நாள்களில் அவளே பிடித்துத் தந்தாள். “குத்து, குத்து, என்னைக் குத்தேக்கை ஆர் பாவம் பார்த்தவை” என்று சிரிப்பாள்.

சனிக்கிழமைகளில் போய் முட்டைகளை எடுத்து வருவேன். எந்தக் கோழி இட்டது என்று அக்கா பென்சிலால் புள்ளி வைத்திருப்பாள். மஞ்சட்கருவைக் கரைத்து, வாங்கி பூசிய தட்டில் ஊற்றிச் சோதித்தால், பிறபொருளெதிரி இருந்தால் நீல நிறம் வரும். சிவப்புக் கோழிக்கு ஒன்றுமில்லை. புள்ளிக்கு, நீலம் என்று நாமாகச் சொல்லிக்கொண்டால் நீலம். கறுப்புக்கு மட்டும் பள்ளிக்கூடச் சட்டையில் கொட்டின மை போல வந்தது. அன்று ஆய்வுகூடத்தில் தனியாக நின்று கை தட்டினேன்.

படத்தை உடனே பேராசிரியருக்கு அனுப்பினேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஊரை விட்டுப் போய்க் கனகாலம். இப்போது பனி கொட்டும் நாடு ஒன்றில் பெரிய ஆய்வுகூடம் வைத்திருக்கிறார். வாங்கிப் புரதம் அவர் அனுப்புவது. திட்டமும் அவருடையது. கறுப்புக் கோழிக்குக் கடைசியாக ஓர் ஊசி போட வேண்டும், சில நாள் கழித்து அதைக் கொன்று மண்ணீரலை எடுக்க வேண்டும். அந்த மரபணு மண்ணீரலில்தான் நிறைய இருக்கும். அதைப் படியெடுத்து, உருவாகும் கோடிக்கணக்கான துண்டுகளுக்குள் வாங்கியையே தூண்டிலாகப் போட்டு, ஒட்டுகிற துண்டைப் பிடிப்பது என் வேலை. ஒட்டியது உண்மையான கலத்திலும் ஒட்டுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வருட முடிவுக்குள் மண்ணீரல் கிடைக்காவிட்டால் தன் ஊரிலேயே ஒரு கோழியைப் பிடித்து எல்லாவற்றையும் அங்கேயே முடிப்பேன் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் என் ஆய்வுப் பட்டமும் போய்விடும், இந்த வேலையும் கிளிநொச்சியை விட்டுப் போய்விடும். பிறகு எங்கள் ஆய்வுகூடத்தில் தண்ணீர்ப் போத்தல் குளிர வைக்கும் பெட்டிகள்தான் மிஞ்சும்.

கடைசி ஊசிக்கும் பிறகு தூண்டிலுக்குமான புரதத்தை எடுக்கக் கொழும்புக்குப் போனேன். பெருவிரல் நகமளவு குழாய். அதைச் சுற்றிப் பெரிய பெட்டி, உள்ளே புகை விடும் பனிக்கட்டி. இது என்ன, இறைச்சியா, மீனா, மருந்தா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். புரதம் என்றேன். “புரதமென்றால் இறைச்சிதானே” என்றார் ஓர் அலுவலர். அவரோடு கதைத்துக் கதைத்துத் தொண்டை கட்டி, மழையில் நனைந்து, காய்ச்சலோடு வந்து படுத்தேன். குழாய் ஆய்வுகூடத்து உறைபெட்டிக்குப் போனது. நான் அக்கா வீட்டுக்குப் போக இரண்டு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது.

முட்டைக் கூடை வெறுமையாக இருந்தது.

“முட்டை எங்கை?”

அக்கா குசினி மூலையைக் காட்டினாள். பழைய ஓலைக் கடகத்துக்குள் வைக்கோல் போட்டு, அதில் கறுப்புக் கோழி தட்டையாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் இறகை விரித்து உறுமியது.

“எடியே, அது அடைக்கு வந்திட்டுது. நீயும் ஆளில்லை. போன் எடுத்தால் காய்ச்சல் எண்டு முனகிறாய். அடைக்கு வந்த கோழியைச் சும்மா கிடக்க விடுறதே? வைச்சிட்டன்.”

“என்ரை முட்டையை வைச்சோ?”

“உன்ரை முட்டையோ? நீயே இட்டனி?”

கையை விட்டு ஒன்றை எடுத்தேன். கொத்து வாங்கினேன். பென்சில் புள்ளியோடு சூடாக இருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே நரம்பு ஓடி, கறுப்பாக ஏதோ அசைந்தது. திருப்பி வைத்துவிட்டேன்.

எங்கள் திட்டத்தில் கோழி ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை இடும், இட்டுக்கொண்டே இருக்கும் என்று எழுதியிருந்தோம். பண்ணைக் கோழியைப் பற்றிப் படித்துவிட்டு எழுதியது. ஊர்க்கோழி கொஞ்சம் இட்டால் அடைக்கு வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோழிக்குள் பிறந்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஆனால் இருவருக்கும் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் கோழியும் வெள்ளைக்காரக் கோழியாகிவிடுகிறது.

“வாளித் தண்ணியிலை ரெண்டுதரம் முக்கி அடையைத் தெளிய வைச்சிருக்கலாமே?”

“போன வருசம் முக்கினனான். இந்தமுறை எனக்குக் குஞ்சு வேணும். முத்தத்திலை மேயேக்கை கீரி திண்ட குஞ்சுகளுக்குப் பதிலா நீயே பொரிச்சுத் தருவாய்?”

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கவலைப்படவேயில்லை. “முட்டை இனித் தேவையில்லைத்தானே. பொரிக்கட்டும். பொரிச்சு இறங்கின உடனை கடைசி ஊசியைப் போடும். அஞ்சாம் நாள் மண்ணீரலை எடும்.” எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. குஞ்சுகள் பொரித்த மூன்றாம் நாள் ஊசியோடு போனேன். முற்றத்தில் கறுப்புக் கோழி குறுகுறு என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்தது, பின்னால் ஏழெட்டுப் பஞ்சுருண்டைகள். அக்கா குறுணல் அரிசி எறிந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கை நின்றது.

“குஞ்சோடை இருக்கிறதையோ?”

“ஓம்.”

“ஏலாது.”

“அக்கா, இது ஆராய்ச்சி.”

“ஆராய்ச்சியெண்டால் என்ன, குஞ்சுக்கோழியை ஆரும் அறுக்கிறவையே? கொத்திக் கலைச்சாப் பிறகு கொண்டு போ. நான் ஏனெண்டு கேளன்.”

குஞ்சுகள் வளர்ந்ததும் தாய்க்கோழி ஒருநாள் திடீரென்று அவற்றைக் கொத்தி விரட்டும். இனி உன் பாட்டைப் பார் என்று. அதுவரை குஞ்சுக்கோழியை எங்கள் பக்கத்தில் அறுக்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள். சாமி விருப்பமோ சட்டமோ ஒன்றுமில்லை. செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்கு இரண்டு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். எனக்கு வருட முடிவு கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

“ஒரு பெட்டியிலை பல்ப் போட்டுக் குஞ்சுகளை வைச்சால் போதும். சூடுதானே வேணும்.”

“கரண்ட் நிண்டால்?”

“நான் வந்து பாக்கிறன்.”

“நீ பாத்ததுதானே,” என்றாள் அக்கா. “நான் கொழும்பிலை கிடக்கேக்கை என்ரை பிள்ளையள் ரெண்டையும் நீதானே வைச்சுப் பாத்தனி. சொல்லு பாப்பம், எப்பிடி இருந்ததுகள்?”

“நல்லாத்தானே இருந்ததுகள். சாப்பிட்டதுகள், பள்ளிக்கூடம் போனதுகள்.”

“சாப்பிட்டதுகளோ?”

சின்னவள் என் கையால் சாப்பிட மாட்டேன் என்று முதல் கிழமை கோப்பையைத் தூக்கி எறிந்தாள். இரண்டாம் கிழமை எறியவில்லை. சொன்னதையெல்லாம் கேட்டாள். எறிந்ததே பரவாயில்லை என்று எனக்கு அப்போது இருந்தது. அக்காவிடம் இதை நான் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ,” என்றாள்.

“வேண்டாம்.”

“கோவமோ? குடிச்சிட்டுக் கோவி.”

குடித்துவிட்டுத்தான் கோபித்தேன். அந்தக் கோபத்தை அப்படியே கொண்டுபோய்ப் பேராசிரியருக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை. திரையில் முகம் மட்டும் தெரிந்தது, பின்னால் வெள்ளை வெளேரென்று பனி.

“கோழி குஞ்சோடை இருக்குது, சேர். கொத்திக் கலைக்கும் வரைக்கும் எடுக்கேலாது.”

“என்ன கதை கதைக்கிறீர்? புள்ளிக் கோழியை எடும்.”

“அதுக்கு நிறமே வரேல்லை. கடைசிப் புரதத்தை அதிலை கொட்டிப்போட்டு ஒண்டும் மாட்டாத தூண்டிலோடை நான் குந்தியிருக்கிறதோ?”

“அப்ப கறுப்பை எடும். பிள்ளை, இது சர்வதேசத் திட்டம். ஒரு கோழியின்ரை குடும்ப விசயத்துக்காக நான் ஆருக்கு என்னத்தைச் சொல்லுறது?”

“என்னத்தையாவது சொல்லுங்கோ. உடம்பு கோவத்தை மறக்காது, சேர், அது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். நினைவு வைச்சிருக்கிற கலங்கள் இருக்கும். ரெண்டு மாதம் கழிச்சு ஊசி போட்டாலும் திருப்பி எழும்பும். அவசரம் கோழிக்கில்லை, உங்களுக்கு.”

“நீர் ஆரோடை கதைக்கிறீர் எண்டு தெரியுதோ?”

“தெரியுது. நான் ஒண்டு கேக்கிறன். உங்கட வீட்டிலை குஞ்சுக்கோழி அறுத்தவையோ?”

அவர் பக்கத்தில் யாரோ பனியை வழிக்கும் சத்தம் கேட்டது.

“இல்லை,” என்றார். “அம்மா விடமாட்டா.” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்ப எத்தினை நாள் குஞ்சு?”

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிவிட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனில் ஒரே சேதி வரும்: “கொத்திக் கலைச்சிட்டுதோ?” இல்லை என்று போடுவேன். ஒருமுறை, குஞ்சுகளுக்குச் செட்டை முளைத்துவிட்டதா என்று கேட்டார். இன்னொருமுறை, பருந்து கவனம் என்று எழுதினார். பணம் கொடுக்கும் இடத்துக்கு அவர் எழுதிய அறிக்கையை எனக்கும் அனுப்பினார். தாமதத்துக்குக் காரணம், ‘விலங்கு பராமரிப்பு நிலையில் உள்ளது’ என்றிருந்தது. அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். “பாரன், கறுப்பு வெளிநாடு வரைக்கும் போயிட்டுது” என்றாள்.

எனக்குத்தான் நிம்மதியில்லை. கோழிக்குக் காத்திருக்கலாம், குழாய்க்குள் இருக்கும் புரதம் காத்திருக்குமா? ஒரு பெருமழைக்குக் கரண்ட் போனது. ஆய்வுகூடத்து ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டதற்கு, கோரிக்கை அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். கோரிக்கையை ஊற்றினால் ஜெனரேட்டர் ஓடுமா என்று கேட்டுவிட்டு, குழாயைத் தேநீர்ப் போத்தலுக்குள் பனிக்கட்டியோடு போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் நகரத்துக்கு ஓடினேன். கண்டி வீதியில் உள்ள ஐஸ்கிறீம் கடைக்கு நல்ல ஜெனரேட்டர் உண்டு. கடைக்காரரிடம் விளக்கினேன். வாங்கி, பிறபொருளெதிரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சாப்பிட்டால் ஏதும் செய்யுமோ?” என்றார். செய்யாது, ஆனால் நான் செய்வேன் என்றேன். கரண்ட் வரும் வரை என் பட்டம் சொக்கலேற் வாளிக்கும் மாம்பழ வாளிக்கும் நடுவில் கிடந்தது.

சும்மா இருக்க முடியாமல் இரண்டு குஞ்சுகளின் செட்டை நரம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தேன். அக்கா பெருஞ்சத்தம் போட்டாள். “குஞ்சையும் குத்திறியோ, பாவி!” ஆனால் விடை நன்றாக இருந்தது. குஞ்சின் இரத்தமும் தட்டில் நீலம் காட்டியது. தாய் முட்டைக்குள் வைத்த பிறபொருளெதிரி குஞ்சுக்குப் போயிருந்தது. எல்லாக் கோழியும் அப்படித்தான் கொடுக்கும் என்று படித்திருக்கிறேன். என்றாலும் கண்ணால் பார்த்தால் வேறு. கீரியையே காணாத குஞ்சு, மனிதரின் புற்றுநோய் வாங்கிக்கு எதிராகச் சீதனம் வாங்கிக்கொண்டு பிறந்திருந்தது. சில கிழமைகளில் அது கரைந்துவிடும். அதையும் அளந்து வைத்தேன். பிறகு என் ஆய்வேட்டில் அதுவே ஓர் அத்தியாயமானது. காத்திருந்திராவிட்டால் அதுவும் இல்லை.

ஒரு புதன்கிழமை, ஆய்வுகூடத்தில் கையுறையோடு நிற்கும்போது அக்கா போன் எடுத்தாள்.

“கொத்திட்டுது.”

“என்ன?”

“கறுப்பு. காலமை தொடக்கம் கொத்திக் கொத்திக் கலைக்குது. ஒரு குஞ்சு வேலிக்குள்ளை ஒளிச்சு நிண்டு கத்துது. நீ வா.”

பேராசிரியருக்கு ஒரு சொல் போட்டேன்: “கலைச்சிட்டுது.” அங்கே நடுச்சாமமாக இருந்திருக்கும். உடனே பதில் வந்தது: “ஊசி!”

ஊசி போட்டேன். அக்கா பிடித்துத் தந்தாள். சிரிக்கவில்லை, ஆனால் இறுக்கிப் பிடித்தாள். ஐந்தாம் நாள் எடுக்க வருவேன் என்றேன்.

“சொல்லிப்போட்டு வராதை. நான் வயலுக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்துக் கொண்டு போ.”

அத்தான் பின்னால் வந்து மெல்லக் கேட்டார். “மண்ணீரல் மட்டும்தானே வேணும்? மிச்சம்?”

“மிச்சத்தைத் தொட்டால் உங்களுக்கும் ஊசி போடுவன்.”

ஆய்வுகூடத்தில், நோகாமல் மயக்கி, நானே செய்தேன். வேறு யாரிடமும் விட மனமில்லை. மண்ணீரல் நாவற்பழம் அளவு, நிறமும் ஏறத்தாழ அதுதான். குளிர்த் திரவத்துக்குள் போட்டு மூடினேன். மிச்சத்தை விதிப்படி எரிக்கக் கொடுத்தேன். அத்தானுக்கு இன்னும் அதில் மனத்தாங்கல் உண்டு.

பிறகு நடந்ததெல்லாம் பார்த்தால் சலிப்பான வேலை. படியெடுத்தல், வெட்டுதல், ஒட்டுதல், தூண்டில் போடுதல், கழுவுதல், திரும்பவும் தூண்டில். முதல் தடவை ஒன்றும் மாட்டவில்லை. தட்டுகளைக் குப்பையில் எறிந்துவிட்டு அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை, கெட்ட வார்த்தை பேசினேன். மூன்றாம் தடவை சில துண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றன. அவற்றைச் செய்வித்து, பொதி பண்ணி, பேராசிரியருக்கு அனுப்பினேன். வருடம் முடிந்து தைப்பொங்கலும் போய்விட்டது. அவர் தான் வைத்த கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படம் வந்தபோது நான் அக்கா வீட்டுக் கதிரையில் இருந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தேன். கறுப்புப் பின்னணியில் கலங்கள். ஒவ்வொரு கலத்தின் விளிம்பிலும் பச்சை வளையம். உள்ளே இல்லை, இடையில் இல்லை, சவ்வில் மட்டும். வாங்கி இல்லாத கலங்களை வைத்து எடுத்த படம் முழுக்க இருட்டு. எங்கே குந்த வேண்டுமோ அங்கே மட்டும் குந்தியிருந்தது. கீழே பேராசிரியர் எழுதியிருந்தார்: “அடுத்த வாங்கிக்கும் புரதம் அனுப்புறன். கிளிநொச்சிக்குத்தான்.”

போனை அக்காவிடம் நீட்டினேன். கிட்டப் பிடித்துப் பார்த்தாள், எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“உந்தப் பச்சைதான் கறுப்போ?”

“ஓம். கறுப்பின்ரை துண்டு.”

“ஒட்டிட்டுது.”

“ஒட்டிட்டுது.”

“அப்ப இனி என்னை மாதிரி ஆக்கள் ஊசிக்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லையோ?”

“விசர்க்கதை கதையாதை. இன்னும் கனகாலம் கிடக்கு. ஒட்டினால் போதாது, கலத்தை நிப்பாட்டுதோ எண்டு பாக்க வேணும். பிறகு எலி. பிறகு எத்தினையோ. முக்கால்வாசி இடையிலையே செத்துப்போகும்.”

“உன்ரை வாயிலை நல்ல சொல்லே வராது,” என்றாள். ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. விரலால் படத்தைப் பெருப்பித்து அந்தப் பச்சை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் கறுப்பின் குஞ்சுகள், இப்போது விடலைகளாகி, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திரிந்தன. அவற்றில் இரண்டு பேடுகள் அச்சு அசல் தாயின் நிறம்.

அடுத்த வாங்கி என்றதும் என் மண்டை கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. மண்ணீரல்தான் வேண்டும். முட்டையை அளப்பது ஒரு வசதி, அவ்வளவுதான். இரத்தத்திலும் அளக்கலாம். முட்டை தேவையில்லை என்றால் பேடு தேவையில்லை. பேடு இல்லை என்றால் அடை இல்லை, குஞ்சு இல்லை, திங்கட்கிழமைச் சேதி இல்லை. இவ்வளவு படித்த இரண்டு பேருக்கு இது இவ்வளவு நாளும் தோன்றவில்லை. வேலி ஓரத்தில் அக்காவின் சேவல் நின்றது. செம்மயிர்க் கழுத்து, வளைந்த வால், சந்தையில் எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காத சேவல்.

“அடுத்தமுறை சேவலுக்குப் போடுவம்,” என்றேன். “ஒரு கரைச்சலும் இல்லை.”

அக்கா போனை மடியில் வைத்தாள்.

“என்ரை சேவலிலை கை வைச்சுப் பார்,” என்றாள்.